சமையலறைக்கு அடியில் ஒரு லோடு

19 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

பத்திரிகை வந்துவிட்டது. எங்கள் பிரஸ்ஸிலேயே அடித்தது. பைண்டிங் செக்‌ஷனில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக ஊரார் கல்யாணத்தையும் ஊரார் டைரியையும் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இன்று சொந்தப் பெயரில் ஒரு கட்டு. செப்டம்பர் 11 வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு மேல் புது வீட்டுப் பால்காய்ப்பு. இசைவாணி – கதிரவன். என் பெயரை முன்னால் போடச் சொன்னதே நான்தான். இவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் பெருசோ?" என்றார். அவ்வளவுதான் மனுசன்.

முதல் பத்திரிகையைக் கீழ் வீட்டு பைரோஜா அக்காவிடம் கொடுத்தேன். சாத்தூரில் அவர்கள் மாடியில்தான் கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கிறோம். மகன் உபைதுல்லாவுக்கு ரம்ஜான் முடிந்ததும் நிக்காஹ், மாடி இனி அவனுக்கு வேண்டும். "நீ சொந்த வீட்டுக்குப் போகணும்னும் துஆ கேக்கேன், போகக் கூடாதுன்னும் கேக்கேன், ரெண்டுல எது நடந்தாலும் அழுவேன் பாத்துக்க" என்றார் அக்கா. நானும் அழுதேன்.

ஆவணியை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் எவனும் வீடு புக மாட்டான். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். பொங்கும். ஏன் பொங்காது?

22 ஆகஸ்ட், வெள்ளி

தலையில் இடி.

அச்சங்குளம் ரோட்டில் நாங்கள் வாங்கிய மனை பள்ளம். பேஸ்மட்டம் கட்டி உள்ளே கொட்ட மண்ணுக்கு எங்கே போவது? இவர் ஃபோர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் கோடையில் பழைய ஷெட்டுகளை இடித்தார்கள். செங்கல், காரை, ஜல்லி, எல்லாம் சும்மா. டிராக்டர் ராக்கப்பன் லோடு லோடாக அடித்துப் பள்ளத்தை மேடாக்கினான். மேலே தளம் போட்டு, சுவர் எழுப்பி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

இன்று சாயங்காலம் கொல்லைப்புறம் மிச்சம் கிடந்த குவியலைக் காலால் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் ஒரு காரைத் துண்டு. அதில் சிவப்புப் பெயிண்டில் "...பேருக்கு மேல் இருக்கக் கூடாது". பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி அப்பியிருந்தது.

"வாணி, இது மருந்து ரூம் செவுரு."

மருந்து ரூம் என்றால் வெடி மருந்து கலக்குகிற அறை. நாலு பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று சுவரில் எழுதியிருப்பார்கள். அந்தச் சுவர் வருஷக்கணக்காக மருந்தைக் குடித்த சுவர். அதை ராக்கப்பன் எங்கே கொட்டினான் என்று போன் போட்டுக் கேட்டதற்கு, "கடைசி லோடா? அடுப்படிக்குள்ள தட்டுனேன் மாமா" என்றானாம்.

என் அடுப்படிக்கு அடியில்.

23 ஆகஸ்ட், சனி

மேனேஜர் நல்லசிவம் சாரைப் பார்க்க நானும் கூடப் போனேன். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, அவர் தலையைத் தூக்கவே இல்லை. "ஏம்மா, கேட்டைத் தாண்டிட்டா அது எங்க சரக்கு இல்ல. உள்ள இருந்தா மருந்துக் கழிவு. வெளிய போயிட்டா செங்கலு."

"கேட்டுல வச்சு என்ன சார் ஆவுது அதுக்கு?"

அவர் அடுத்த ஆர்டர் சீட்டை எடுத்தார். இவர் வேறு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். மேனேஜரிடம் குரல் உசத்தினால் மருந்து வெடிக்கும் என்று யாராவது சொன்னார்களா?

24 ஆகஸ்ட், ஞாயிறு

புது வீட்டு வாசலில் இவர் வைத்த ரெண்டு மணல் வாளி. செருப்பு தெருவோடு. செல்போன் வேப்ப மரத்தடியோடு. நைலக்ஸ் சேலை உரசினாலே பொறி வருமாம், கட்டி உள்ளே வரக் கூடாதாம். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் வீடா, அவர் கம்பெனியா?

26 ஆகஸ்ட், செவ்வாய்

லீவு போட்டுவிட்டு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்குள் கட்டட இடிபாடு கிடக்கிறது, அள்ள ஆள் அனுப்ப வேண்டும் என்றேன்.

கிளார்க் கேட்டார், "எங்கன கெடக்கு?"

"அடுப்படித் தளத்துக்கு அடியில."

"அடியிலன்னா? தெரியுதா?"

"தெரியாது. மேல சிமெண்ட் போட்டாச்சு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இடிபாடு என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். ரோட்டோரம் கிடந்தால் அபராதம் போடலாம், வாய்க்காலில் கிடந்தால் நோட்டீஸ் விடலாம், தளத்துக்கு அடியில் கிடந்தால் அதற்குப் பெயர் அஸ்திவாரமாம். "அதுலயும் பட்டாசுக் கம்பெனி சாமான்னு சொல்றீக. அது எங்க தலைப்புல வராது. விருதுநகருக்குப் போங்க."

29 ஆகஸ்ட், வெள்ளி

விருதுநகர். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே தும்மல். மிளகாய் வத்தல் மண்டிக் காற்று. தும்மிக்கொண்டே ஜில்லா ஆபீஸ் மாடி ஏறினேன். அங்கிருந்த ஆபீசர் மட்டும் நல்ல மனுசன், உட்காரச் சொன்னார். ஒரு புத்தகத்தை எடுத்து விரலால் தடவித் தடவி வாசித்தார். கட்டும்போது, பழுது பார்க்கும்போது, இடிக்கும்போது உண்டாகிற பொருளெல்லாம் கட்டடக் கழிவு.

"அதான் சார். கம்பெனியில இடிச்சது."

"இடிச்சப்ப அது கழிவு. சரி. ஆனா நீங்க அத அள்ளிட்டு வந்து வீடு கட்டிட்டீக. இப்ப அது கட்டுமானப் பொருள். கழிவுங்கற பேரு அன்னைக்கே போயிருச்சு."

"அப்ப வெடிச்சா?"

"வெடிச்சா வீடு இடியும். இடிஞ்சா மறுபடியும் கட்டடக் கழிவு ஆயிரும்." சிரிக்காமல்தான் சொன்னார். "ஒண்ணு செய்ங்க. வீட்ட இடிச்சிட்டு வாங்க. அப்ப நானே கையெழுத்துப் போட்டு அள்ளச் சொல்றேன்."

எங்கள் பிரஸ்ஸில் இதெல்லாம் எவ்வளவு சுலபம். அச்சடித்த ஃபாரம் தாள் தலைகீழாக மடிந்துவிட்டதா, வேஸ்ட். மூலையில் எறி. (இந்த டைரியும் அப்படி மூலையில் கிடந்து எடுத்ததுதான். மார்ச் மாதம் முழுக்கத் தலைகீழ்.) வேஸ்ட்டா இல்லையா என்று கேட்க நான் எந்த மாடியும் ஏறியதில்லை.

வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. வத்தல் நெடி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

30 ஆகஸ்ட், சனி

இவரிடம் பேசவில்லை.

1 செப்டம்பர், திங்கள்

கம்பெனியில் மருந்து கொட்டிவிட்டால் தண்ணீர் விட்டு அமத்துவார்கள். அதையே வீட்டிலும் செய்கிறார் என் புருசன். அடுப்படி மூலையில் குழாய்க்கென்று தளத்தில் விட்டிருந்த ஓட்டையில் ஹோஸைச் சொருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சாமியே, குடிக்கத் தண்ணிக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊரில் என் அடுப்படி தண்ணீர் குடிக்கிறது.

பத்திரிகை கொடுத்த இடத்திலெல்லாம் விஷயம் பரவிவிட்டது. என் சித்தி கேட்கிறாள், "வரணும்தான் வாணி, ஆனா தள்ளி நின்னு பாத்தாப் போதும்ல?"

4 செப்டம்பர், வியாழன்

தளம் வெடித்துவிட்டது. மருந்தால் அல்ல, தண்ணீரால். அடியில் மண் அமுங்கி, அடுப்பு மேடைப் பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கீறல். கொத்தனார் தங்கச்சாமி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏ தாயி, மருந்து வீட்ட இடிக்கல. ஒன் வீட்டுக்காரரு இடிக்காரு."

ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. பால்காய்ப்புக்கு இவர் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாலை இங்கே மாடியிலேயே காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோவதாம். அங்கே பித்தளைப் பானையில் விட்டு, நல்ல நேரம் வந்ததும் கிழக்குப் பக்கமாகப் பானையைச் சாய்ப்பதாம். சொந்தக்காரர்கள் நாலு நாலு பேராக உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியேறுவதாம்.

"அதுக்குப் பேரு பொங்குறது இல்ல. கொட்டுறது."

"யாரு கிட்டக்க வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். நான் கட்டுன வீடு. ஓவர்டைமோட நாளைக்குப் பதினாலு மணி நேரம் வேல பாத்து, விரல்ல பசை காயாம, ஒரு நல்ல சேல எடுக்காம கட்டுன வீடு. அதுல ஒரு அடுப்பப் பத்த வைக்க எனக்கு விதி இல்லையா? நீரு என்ன மனுசன்யா?"

அவரை 'நீரு' என்று நான் சொன்னதே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியாது வாணி" என்றார். என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அவர் வேலையில் என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

6 செப்டம்பர், சனி

தளத்தை உடைத்து அள்ளிவிடுவது என்று முடிவு. நல்லது. ஆனால் இரும்பு ஆகாதாம்! இரும்பு பட்டால் பொறி பறக்குமாம். கம்பெனியிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார், எல்லோர் கையிலும் மரச்சுத்தி. தரையை நனைத்து நனைத்து, மேள வாத்தியம் மாதிரி காலையிலிருந்து டொக் டொக். சாயங்காலம் வரை ரெண்டு சுத்தி உடைந்தது. சிமெண்டில் ஒரு பொட்டு உதிரவில்லை. அந்த ஆட்களுக்கும் அது விசித்திரமாகவே படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். கை அப்படிப் பழகிவிட்டது. ஒருவன் பவ்வியமாக என்னிடம் சொல்கிறான், "பதறாம செய்யணும்க்கா. தீவாளிக்குள்ள முடிச்சிருவோம்."

தங்கச்சாமி கடப்பாரையைத் தோளில் போட்டபடி வேப்ப மரத்தடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை இங்கே எழுத முடியாது.

7 செப்டம்பர், ஞாயிறு

செய்துவிட்டேன்.

காலையில் பைரோஜா அக்காவும் கூட வந்தார்கள், நோன்போடு. வெயிலில் நின்று டொக் டொக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு என் காதில், "வாணி, எம் மகன் கல்யாணம் வந்துரும் போலயே" என்றார்கள். அக்கா குத்திக்காட்டவில்லை, பயந்துதான் சொன்னார்கள். எனக்குத்தான் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

தங்கச்சாமி தோளிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினேன். உள்ளே போனேன். "எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. ஓங்கிக் கீறலில் ஒரு போடு.

பொறி பறந்தது. நிஜமாகவே பறந்தது, கண்ணால் பார்த்தேன்.

அத்தனை பேரும் ஓட்டம். மரச்சுத்தி ஆட்கள் பக்கத்து மனைக்குள் குதித்துவிட்டார்கள். கொத்தனார் கிணற்று மேட்டில். அக்கா கலிமா சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு. எல்லோரும் வெளியே ஓட, இவர் ஒருத்தர் மட்டும் உள்ளே ஓடி வந்தார். வந்து, வாசலில் இருந்த மணல் வாளியைத் தூக்கி அப்படியே என் தலையில் கவிழ்த்தார். ரெண்டாவது வாளியையும்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கண், மூக்கு, ஜாக்கெட்டுக்குள் எல்லாம் மணல். இவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இருக்கியா? வாணி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, வாய்க்குள் மணல் போய், பதிலே சொல்ல முடியவில்லை. இந்த ஆளைத்தான் நான் மூன்று நாளாகப் பேசாமல் வைத்திருந்தேன். பாவி நான்.

பிறகு தங்கச்சாமி வந்து, "வெடிக்கலைல்ல? தள்ளுங்க" என்று கடப்பாரையை வாங்கி நாலு போடு போட்டுத் தளத்தைப் பெயர்த்தார். செங்கல் வந்தது. காரை வந்தது. மூன்றாவது கூடையில் வெள்ளையாக ஒன்று வந்தது. துடைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

கக்கூஸ் பீங்கான். பாதி.

அடுத்து வந்த பெரிய காரைத் துண்டில் சிவப்பு எழுத்து முழுசாக இருந்தது. "இந்த அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது." மரச்சுத்திக்காரர்களில் ஒருவன் பார்த்துவிட்டுச் சொன்னான். ஒரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று, எல்லா அறையிலும் எழுது என்று பெயிண்டரிடம் சொன்னார்களாம். அவன் எல்லா அறையிலும் எழுதிவிட்டான். கக்கூஸிலும். அலுமினியப் பொடிக் கையை ஆட்கள் அங்கேதான் கழுவுவார்களாம், சுவரெல்லாம் சாம்பல் அதனால்தான்.

"கக்கூஸா!" என்று இவர் சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "வாணி, கக்கூஸ்தானாம்!" ஆம்பளைப் பிள்ளை பிறந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். கையோடு சட்டைப் பையிலிருந்து ஃப்யூஸ் கட்டையை எடுத்து மாட்டிவிட்டு வந்தார்.

நான் சிரிக்கவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

அந்த அடுப்படியிலா நான் சோறு பொங்குவேன்? அதை ஒட்டித்தானே சாமி அலமாரி?

இவர் சொல்கிறார், "மண்ணுதான வாணி. காஞ்சு போன செங்கலு. அதுக்கு அங்கன என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

"மருந்து ரூம் செங்கலுக்கு மட்டும் தெரிஞ்சிச்சோ?"

அதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நேற்று வரை பயந்தவர் இன்று விசிலடிக்கிறார், நேற்று வரை கடப்பாரை தூக்கியவள் இன்று அடுப்படிக்குள் கால் வைக்கக் கூசுகிறேன். இந்த வீடு எங்கள் ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாது போலிருக்கிறது.

அடுப்படியை முழுசாகத் தோண்டி அள்ளியாயிற்று. தங்கச்சாமி புதுச் சரள் மண் போட்டு இடிக்கிறார். ஹாலையும் தோண்டலாமா என்று கேட்டார். ராக்கப்பனுக்கு எந்த லோடு எங்கே என்று ஞாபகம் இல்லை. இடித்ததில் ஒரு சைக்கிள் ஷெட்டும் உண்டாம். நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். வேண்டாம் என்றோம். தோண்டாத வரைக்கும் ஹாலுக்கு அடியில் சைக்கிள் ஷெட்தான்.

பீங்கானை மட்டும் இவர் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஓடைக் கரையில் புதைத்துவிட்டு வந்தார்.

9 செப்டம்பர், செவ்வாய்

அள்ளிய குவியல் வாசலில், ரோட்டோரம், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. ஊராட்சி கிளார்க்கிடம் ஓடினேன். இப்போது இடித்தாயிற்று, வெளியில் இருக்கிறது, பட்டாசுச் சாமானும் இல்லை. வந்து அள்ளுங்க.

"அப்ப எந்த எடத்துச் செவுரு அது?"

நானும் புத்தி கெட்டுப்போய் உண்மையைச் சொன்னேன்.

"கழிப்பறையா? அது சுகாதாரத் தலைப்புல்லா. நான் தொடக் கூடாது." பிறகு ரொம்ப அக்கறையாக, "ரோட்டுல கெடந்தா அபராதம் வரும்மா, பாத்துக்கோங்க" என்றார்.

11 செப்டம்பர், வியாழன்

பொங்கியது!

தளம் இன்னும் ஈரம், பலகை போட்டு அதன் மேல் அடுப்பு. தீக்குச்சியை நான் உரசினேன். இவர் பக்கத்தில் வெறும் கையோடு நின்றார், வாளி இல்லாமல். பால் எழும்பி நுரைத்துக் கிழக்கே வழிந்தது. சித்திகூட உள்ளே வந்துவிட்டாள். நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பைரோஜா அக்கா நோன்பு என்பதால் தன் பங்குப் பாலைச் சொம்பில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுப்படிக்குள் கால் வைத்தபோது கூசவில்லை. புது மண். என் மண்.

5 அக்டோபர், ஞாயிறு

சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. சாத்தூர் மாடியைக் கழுவிச் சாவி கொடுத்தேன். அக்கா சொன்னபடியே அழுதார்கள்.

வாசலில் குவியல் அப்படியே. ஆடு படுக்கிறது. யாரோ பழைய ஜன்னல் கம்பியைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டிருக்கிறார்கள். யாரோ இளநீர்க் கூடு. என் வீட்டுக்கு வழி கேட்டால், "அந்தக் குப்பமேடு இருக்குல்லா, அதுக்கு எதித்தாப்புல" என்கிறார்களாம்.

29 அக்டோபர், புதன்

தீபாவளி முடிந்தது. இவருக்கு ஒரு வாரம் தூக்கம் பாக்கி, தூங்குகிறார்.

பக்கத்து மனை பஞ்சம்மாள் வந்தாள். வேறு கம்பெனியில் திரி வைக்கிற வேலை, குடியிருப்பு எங்கேயோ வாடகைக்கு, எங்கள் அடுப்படிக் கதை அவள் காதுக்குப் போகவில்லை. புருசன் இல்லாமல் ஒற்றை ஆளாக ஒரு ரூமும் அடுப்படியுமாகக் கட்டுகிறாள். பேஸ்மட்டத்தோடு நின்றுபோயிருக்கிறது, கொட்ட மண் இல்லை. வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தாள்.

"அக்கா, இந்த மேடு ஒங்களுக்கு வேணுமா? வேண்டாம்னா நான் அள்ளிக்கிடவா? தங்கச்சாமி அண்ணந்தான் கேட்டுப் பாக்கச் சொன்னாரு."

தங்கச்சாமியா சொன்னார்! எம்புட்டு நல்ல மனுசன்.

"நல்ல மண்ணாக்கா?"

வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். அந்தக் குவியலைப் பார்த்தேன், ஆட்டைப் பார்த்தேன், கிளார்க் ஞாபகம் வந்தது.

"கட்டட மண்ணு, பஞ்சம்மா. இடிச்ச செங்கலும் காரையும்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. இத்தனை ஆபீஸ் ஏறியும் அதற்குக் கிடைக்காத பெயரை என் வாசலில் நின்று நானே கொடுத்துவிட்டேன்.

30 அக்டோபர், வியாழன்

விடிந்து பார்த்தால் வாசல் சுத்தம். பஞ்சம்மாளும் அவள் தங்கச்சியும் தலைச்சுமையாகவே அள்ளிவிட்டார்கள். இவர் எழுந்து வந்து வெறும் தரையைப் பார்த்தார்.

"சொன்னியா அவகிட்ட?"

"சொன்னேன்."

என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. பல் தேய்க்கப் போய்விட்டார்.

4 டிசம்பர், வியாழன்

பஞ்சம்மாள் வீட்டுப் பால்காய்ப்பு. மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே மழமழவென்று சிவப்புச் சிமெண்ட் பால் ஊற்றின தரை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பொண்ணு மாதிரி. என்னை அடுப்படிக்குள் கூட்டிப்போய்ப் பாய் விரித்து அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். தங்கச்சாமி கதவோரம் நின்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் அழகாகப் பொங்கிக் கிழக்கே வழிந்தது. எல்லோரும் குலவை போட்டார்கள். நானும்தான்.

"மொத டம்ளர் வாணியக்காவுக்குத்தான்" என்றாள் பஞ்சம்மாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அக்கா மட்டும் மண்ணு குடுக்கலன்னா நான் இன்னும் வாடக வீட்டுலதான் கெடப்பேன்." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சீனி கொஞ்சம் தூக்கல். மிச்சம் வைக்காமல் குடித்தேன். இன்னொரு டம்ளர் ஊற்றினாள், அதையும் குடித்தேன்.